'இது மெத்தையா, பலகையா?' – கைக்குழந்தைக்கு மெத்தை வாங்கும் முறை

எங்கள் வீட்டுக் குழந்தைக் கட்டிலுக்கு இரண்டாவது மெத்தை வந்த அன்று, என் அத்தை அதன்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்த்தார். முகம் சுருங்கியது. "இது மெத்தையா, பலகையா? பிள்ளைக்கு முதுகு வலிக்காதா?" என்றார். முதல் மெத்தை அவருக்கு மிகவும் பிடித்திருந்தது. கையை வைத்தால் அது உள்ளே வாங்கிக்கொள்ளும்; கையை எடுத்த பிறகும் ஐந்து விரல் தடமும் சற்று நேரம் அப்படியே இருக்கும். அந்தத் தடத்தைப் பார்த்துத்தான் நான் அதைத் திருப்பி அனுப்பினேன்.

மெத்தை என்ற சொல்லிலேயே 'மெத்து' இருக்கிறது. பச்சைக் குழந்தைக்குப் பஞ்சு போன்ற படுக்கை கொடுப்பதுதான் பாசம் என்று நாம் பழகிவிட்டோம். ஆனால் கடையில் மெத்தையை அழுத்திப் பார்ப்பது நாற்பது, ஐம்பது கிலோவுக்கு மேல் எடை கொண்டவரின் கை. அதில் படுக்கப் போவது மூன்று, நான்கு கிலோ. அந்த உடம்புக்கு முதுகுவலி என்ற பேச்சே இல்லை. அதற்கு இருக்கும் ஆபத்து வேறு. மென்மையான பரப்பில் முகம் பதிந்தால் மூக்கையும் வாயையும் சுற்றி ஒரு குழி உண்டாகிறது. தான் வெளியே விட்ட காற்றையே, அதாவது கரியமில வாயு கூடிய காற்றையே, குழந்தை மறுபடி இழுக்கிறது. பெரியவர்கள் தூக்கத்திலேயே தலையைத் திருப்பிக்கொள்வோம். முதல் சில மாதங்களில் குழந்தையின் கழுத்துக்கு அந்த வலு இல்லை; விழித்துக்கொள்ளும் உந்துதலும் எல்லாக் குழந்தைக்கும் ஒன்றுபோல் வேலை செய்வதில்லை.

தூக்கத்தில் காரணம் தெரியாமல் குழந்தை இறந்துபோவதைத் 'தொட்டில் மரணம்' என்பார்கள். பெரும்பாலும் இது முதல் ஆறு மாதத்துக்குள் நடப்பது. ஒன்று முதல் நான்கு மாதம் வரை அபாயம் கூடுதல். பிரிட்டனில் 1991-இலும் அமெரிக்காவில் 1994-இலும் 'குழந்தையை மல்லாக்கப் படுக்க வையுங்கள்' என்று பெரிய பிரசாரம் தொடங்கினார்கள். அதன் பிறகு அமெரிக்காவில் இந்த மரண விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியது. மருந்து இல்லை, கருவி இல்லை. படுக்க வைக்கும் விதத்தை மாற்றியதில் வந்த பலன் அது. மெத்தை வாங்குவதும் அந்த வரிசையில் வருகிற வேலைதான். அலங்காரப் பொருள் வாங்குவதுபோல் அதை வாங்காதீர்கள்.

முதலில் நாடாவை எடுங்கள்

மெத்தையைத் தேடும் முன் கட்டிலை அளக்க வேண்டும். நான் இதைத் தலைகீழாகச் செய்தேன். இணையத்தில் 'ஸ்டாண்டர்ட் சைஸ்' என்று போட்டிருந்ததை நம்பி வாங்கினேன். வந்த மெத்தைக்கும் கட்டிலின் பக்கச் சட்டத்துக்கும் நடுவே என் நான்கு விரலும் தாராளமாக இறங்கின.

அமெரிக்காவில் முழு அளவுக் குழந்தைக் கட்டிலின் உள்ளளவு சுமார் 133 செ.மீ. நீளம், 71 செ.மீ. அகலம் என்று சட்டமே வரையறுத்திருக்கிறது. அதில் போடும் மெத்தை குறைந்தது சுமார் 131-க்கு 69 செ.மீ. இருக்க வேண்டும், கனம் 6 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. அங்கே எந்தக் கடை மெத்தையும் எந்தக் கட்டிலுக்கும் பொருந்துவது இதனால்தான். நம் ஊரில் அப்படி ஒரே அளவு கிடையாது. ஒரு கட்டில் பெரியப்பா வீட்டுத் தேக்கில் தச்சர் செய்தது, இன்னொன்று இணையத்தில் வாங்கிப் பிரித்துப் பூட்டியது, மற்றொன்று மூன்று தலைமுறை கண்டது. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வோர் அளவு.

அதனால் மெத்தை எந்த மட்டத்தில் கிடக்குமோ அந்த மட்டத்தில், உள்பக்கமாக, நீளத்தை இரண்டு இடத்திலும் அகலத்தை மூன்று இடத்திலும் அளந்துகொள்ளுங்கள். கையால் செய்த கட்டிலில் தலைமாட்டு அகலமும் கால்மாட்டு அகலமும் அரை அங்குலம் மாறியிருப்பது சாதாரணம். அளவைத் தாளில் எழுதிக் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். ஃபோம் ஷீட் வெட்டித் தரும் மெத்தைக் கடை எல்லா நகரத்திலும் உண்டு. கேட்ட அளவுக்குச் செய்து தருவார்கள். மூலைகளைச் சதுரமாக வெட்டச் சொல்ல வேண்டும். மூலை உருண்டிருந்தால் அங்கே ஒரு பொந்து விழும்.

மெத்தையைப் போட்ட பிறகு, அதை ஒரு பக்கமாக முழுவதும் ஒதுக்கித் தள்ளிவிட்டு மறுபக்கத்து இடைவெளியைப் பாருங்கள். இரண்டு விரலுக்கு மேல் இறங்கினால் அந்த மெத்தை அந்தக் கட்டிலுக்கு உரியதல்ல. இடைவெளியில் துணியைச் சுருட்டித் திணித்துச் சமாளிக்கலாம் என்று தோன்றும். திணித்த துணி இரவில் வெளியே வந்து குழந்தையின் முகத்தருகே கிடக்கும். பிறகு பழைய இடைவெளியும் இருக்கும், கூடவே ஒரு துணியும் இருக்கும்.

நாடா கையில் இருக்கும்போதே கட்டிலின் சட்டங்களுக்கு நடுவே உள்ள இடைவெளியையும் அளந்துவிடுங்கள். 6 செ.மீ.-க்கு மேல் இருந்தால் குழந்தையின் உடல் நழுவித் தலை சிக்கிக்கொள்ளக் கூடும். ஒரு பக்கச் சுவர் மேலும் கீழும் இறங்கும் வகைக் கட்டில் பழைய வீடுகளில் இன்னும் இருக்கிறது. அமெரிக்கா அந்த வகையின் விற்பனையை 2011 ஜூனிலேயே நிறுத்திவிட்டது. பரம்பரைக் கட்டில் என்ற பெருமைக்காக அதை வைத்திருக்க நினைத்தால், துணி மடித்து வைக்கப் பயன்படுத்துங்கள்.

கனம் எவ்வளவு என்று கடைக்காரர் கேட்பார். 4 அங்குலம் போதும். கனம் கூடக் கூடக் கட்டிலின் சுவர் உயரம் குறைகிறது என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. எழுந்து நிற்கப் பழகும் குழந்தைக்கு 4-க்கும் 6-க்கும் நடுவே உள்ள அந்த 2 அங்குல வித்தியாசம் பெரிது.

'எத்தனை டென்சிட்டி வேண்டும்?'

மெத்தைக் கடையில் இரண்டாவதாக வரும் கேள்வி இது. 32 டென்சிட்டி, 40 டென்சிட்டி என்று எண்கள் பறக்கும். ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ எடை என்பதே அந்த எண். எண் கூடினால் ஃபோம் சீக்கிரம் தொய்யாது, நீடித்து உழைக்கும். ஆனால் எண் கூடினால் கெட்டியாகவும் இருக்கும் என்று எடுத்துக்கொள்வது தவறு. மெமரி ஃபோமைப் பாருங்கள்: அடர்த்தி அதிகம், விலையும் அதிகம், கை வைத்தால் அப்படியே அமிழும். பெரியவர்களின் முதுகுக்கு நல்லதாக இருக்கலாம். கைக்குழந்தைக்கு அது வேண்டவே வேண்டாம். கடைக்காரரிடம் எண்ணைக் கேட்டுக்கொள்ளுங்கள். அதோடு, "இருப்பதிலேயே கெட்டியான ரகத்தைக் காட்டுங்கள்" என்றும் தனியாகக் கேளுங்கள்.

சோதிப்பது கையால்தான். நடுவில் ஒரு முறை, நான்கு ஓரங்களிலும் ஒவ்வொரு முறை, உள்ளங்கையை வைத்து நன்றாக அழுத்திச் சட்டென்று எடுங்கள். கை எடுத்த கணமே பரப்பு மட்டமாகிவிட வேண்டும். தடம் நின்றால் அடுத்ததைக் காட்டச் சொல்லுங்கள். ஓரங்களை விட்டுவிடாதீர்கள், மலிவு மெத்தைகள் முதலில் இளகுவது அங்கேதான்.

ஆஸ்திரேலியாவில் பெற்றோருக்கு ஒரு வீட்டுச் சோதனையைச் சொல்லித் தருகிறார்கள். 12 சி.டி.-க்களை மெத்தைமேல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். அதன்மேல் ஒரு லிட்டர் அட்டைப் பெட்டிப் பாலைப் படுக்கவைத்து, 4 செ.மீ. அளவுக்கு அடுக்கைவிட்டு வெளியே நீட்ட வேண்டும். அதன்மேல் இன்னொரு லிட்டர் பெட்டி. நீட்டிய விளிம்பு மெத்தையைத் தொட்டுவிட்டால் அது அளவுக்கு மீறிய மென்மை. அடுக்கு மெத்தைக்குள் எவ்வளவு அமிழ்கிறது என்பதுதான் இதில் தெரிகிறது. இன்று 12 சி.டி. தேடுவதற்கு மெத்தையே சுலபமாகக் கிடைத்துவிடும் என்பது வேறு விஷயம். பரணில் பழைய கல்யாண வீடியோ சி.டி.-க்கள் இருந்தால் அவற்றுக்கு ஒரு பயன் கிடைக்கும்.

இனி பொருள்வாரியாக. ரப்பர் கலந்த தேங்காய் நார் மெத்தை நமக்கு எளிதாகக் கிடைப்பது, இயல்பிலேயே கெட்டியானது, காற்றும் போய்வரும். என் முதல் தேர்வு அதுதான், ஆனால் இரண்டு கவனம் வேண்டும். விற்பனைக்கு வரும் பல நார் மெத்தைகளின் மேல், சுகத்துக்காக ஓர் அங்குல மென் ஃபோம் ஒட்டி மெத்துத் தையல் போட்டிருப்பார்கள். உள்ளே கல் போல் இருந்தாலும் குழந்தையின் மூக்குக்குத் தெரிவது அந்த மேல் அங்குலம்தான். அது இல்லாததைக் கேளுங்கள். அடுத்தது ஈரம்: நார் ஒருமுறை நனைந்து உள்ளே காயாமல் போனால் பூஞ்சை பிடித்து வாடை வரும். நீர் இறங்காத உறை போடாமல் நார் மெத்தையைக் குழந்தைக்குக் கொடுத்தால் மூன்று மாதம் தாங்காது.

கெட்டியான பி.யூ. (பாலியூரிதேன்) ஃபோம் எடை குறைவு, விலை குறைவு, துடைப்பதும் எளிது. அளவு சரியாகவும் அழுத்தம் சரியாகவும் இருந்தால் அதற்கு மேல் செலவழிக்க வேண்டிய அவசியமே இல்லை. புதிதில் ஒரு ரசாயன நெடி அடிக்கும். குழந்தை பிறக்கும் முன்பே வாங்கிச் சில நாட்கள் காற்றோட்டமான இடத்தில் சாய்த்து வைத்துவிட்டால் அது போய்விடும். சுருட்டிக் காற்றை உறிஞ்சி எடுத்த பொதியாக வந்தால், முழுவதும் உப்பிய பிறகே அளந்து பாருங்கள். பிரித்த அன்றே அளந்து ஏமாறாதீர்கள். அது வந்த பிளாஸ்டிக் பையை அன்றே வீட்டைவிட்டு வெளியேற்றுங்கள்.

ரப்பர் பாலில் செய்யும் இயற்கை லேடக்ஸிலும் கெட்டி ரகம் உண்டு. விலைதான் மூச்சு முட்டும். ஸ்பிரிங் மெத்தையைக் கைக்குழந்தைக்கு வாங்க எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை.

இலவம் பஞ்சைப் பற்றிச் சொல்லாமல் போனால் தேனி, போடிப் பக்கத்து உறவினர்கள் என்னை விட மாட்டார்கள். உடலுக்குச் சூடு ஏற்றாது, இழைமேல் மெழுகுப் பூச்சு இருப்பதால் தண்ணீர் ஒட்டாது, வெயிலில் போட்டால் புதிதுபோல் உப்பிவிடும் என்பதெல்லாம் உண்மை. அந்த உப்பல்தான் இங்கே குறை. உடம்பின் எடைக்குப் பள்ளம் விழுகிறது. நாளடைவில் பஞ்சு ஒதுங்கி மேடும் குழியுமாகிறது. பேறுகாலச் சீராக இலவம் பஞ்சு மெத்தை வந்தால் மறுக்க வேண்டாம், தாயின் கட்டிலில் போடுங்கள். குழந்தைக்கு ஒரு வயது தாண்டட்டும்.

'ஆர்கானிக்', 'மருத்துவர்கள் பரிந்துரைத்தது', 'காற்று ஊடுருவும்' என்ற சொற்களுக்கெல்லாம் மெத்தையின் கெட்டித்தன்மையோடு தொடர்பு இல்லை. காற்று ஊடுருவும் மெத்தை தொட்டில் மரண அபாயத்தைக் குறைக்கும் என்பதற்குச் சான்று இல்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் சொல்கிறது. ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்ட் 100 போன்ற முத்திரை, துணியில் தீங்கான ரசாயனம் இருக்கிறதா என்று பார்த்துத் தருவது. அதில் 'முதல் வகுப்பு' மூன்று வயது வரையான குழந்தைகளின் பொருளுக்கு உரியது. இருந்தால் நல்லது. ஆனால் முத்திரையைப் பார்த்துவிட்டுக் கையால் அழுத்திப் பார்க்காமல் வந்துவிடாதீர்கள்.

உறையும் விரிப்பும்

ரப்பர் ஷீட்டை மேலே சும்மா விரிப்பது நம் பழக்கம். குழந்தை காலை உதைத்தால் அது சுருண்டு மேலே ஏறும். கோடையில் முதுகு வெந்து வேர்க்குருவும் வரும். மெத்தையின் அளவுக்குத் தைத்த, உள்பக்கம் மெல்லிய நீர்காப்புப் படலம் உள்ள ஜிப் உறையோ இலாஸ்டிக் உறையோ வாங்குங்கள். மெத்துத் தையல் போட்டுத் தடித்திருக்கும் உறை வேண்டாம். கெட்டி மெத்தையைத் தேடி வாங்கிவிட்டு மேலே தலையணையைப் பரப்பியதுபோல் ஆகும்.

அதற்கு மேல் ஒரே ஒரு பருத்தி விரிப்பு. கடையில் உங்கள் அளவு கிடைக்காவிட்டால் தையல்காரரிடம் போய்விடலாம். கணக்கு எளிது: 51-க்கு 27 அங்குல மெத்தை, கனம் 4 என்றால், இருபுறக் கனத்துக்கு 8, அடியில் மடிந்து செல்ல 8, ஆக 67-க்கு 43 அங்குலத் துணி வேண்டும், ஓர மடிப்புக்கு ஓர் அங்குலம் சேர்த்துக்கொள்ளுங்கள். பலமுறை துவைத்து மிருதுவான ஒரு நாலு முழ வேட்டி இதற்குப் போதும். சுற்றிலும் இலாஸ்டிக் கோத்துத் தைத்தால், ஒரு மூலையை இழுத்துப் பார்த்தாலும் கழன்று வரக் கூடாது. மூன்று தைத்து வையுங்கள்: ஒன்று மெத்தையில், ஒன்று கொடியில், ஒன்று அலமாரியில். அலமாரியில் அந்துருண்டை போடாதீர்கள். அதிலுள்ள நாப்தலீன், ஜி6பிடி நொதிக் குறைபாடு உள்ள குழந்தைகளின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். அந்தக் குறைபாடு இருப்பது பெரும்பாலும் முன்கூட்டித் தெரியாது.

மெத்தைமேல் என்ன இருக்கக் கூடாது

கடைகளில் ஒரு 'செட்' விற்பார்கள். மெத்தை, தலையணை, இருபக்க உருட்டுத் திண்டு, சுற்றுச்சுவர் மெத்தை, பூப்போட்ட போர்வை. இதில் கட்டிலுக்குள் போக வேண்டியது மெத்தை மட்டும். சுற்றுச்சுவர் மெத்தையை அமெரிக்கா 2022-இல் சட்டம் போட்டே தடை செய்தது. தலை உருண்டையாக வரக் கடுகுத் தலையணை வைப்பார்கள். தையல் விட்டால் கடுகு வாய்க்கும் மூக்குக்கும் போகும், விடாவிட்டாலும் முதல் வருடத்தில் தூங்கும் குழந்தைக்குத் தலையணை கூடாது. தலை தட்டையாவதற்கு மருந்து, விழித்திருக்கும் நேரத்தில் நம் கண்முன்னே சற்று நேரம் குப்புறப் போட்டு விளையாட விடுவது.

பால் கக்கும் குழந்தைக்கு மெத்தையின் தலைமாட்டில் துணியை மடித்துக் கொடுத்து உயர்த்துவதும் நம் வீடுகளில் சகஜம். வேண்டாம், சரிவில் குழந்தை கீழே வழுகும், தாடை மார்பில் படிந்து மூச்சுப்பாதை மடங்கும். சாய்வாகத் தூங்கவைக்கும் ஒரு பிரபலப் படுக்கை, குழந்தைகள் இறந்த பிறகு, 2019 ஏப்ரலில் அமெரிக்காவில் 47 லட்சம் எண்ணிக்கையில் திரும்பப் பெறப்பட்டது. மட்டமான மெத்தையில் மல்லாந்து கிடந்தால் பால் புரையேறும் என்ற பயம் அத்தைக்கும் இருந்தது. மல்லாந்து படுக்கும்போது மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் இருக்கின்றன. கக்கிய பால் மேடேறினால்தான் மூச்சுக்குழாய்க்குப் போக முடியும். குப்புறப் படுத்தால் இது தலைகீழாகிறது. காகிதத்தில் படம் வரைந்து காட்டிய பிறகுதான் ஒப்புக்கொண்டார். குறைமாதக் குழந்தைக்கோ வேறு நோய் உள்ள குழந்தைக்கோ மருத்துவர் வேறு விதமாகச் சொன்னால் அவர் சொல்வதைக் கேளுங்கள்.

தூளியைப் பற்றிக் கேட்பார்கள். பழைய சேலையில் கட்டிய தூளியில் வளர்ந்த நான் அதைத் திட்டப் போவதில்லை. அழும் குழந்தையை அடக்க அதற்கு நிகர் கிடையாது. ஆனால் அதன் வளைவில் தாடை மார்பைத் தொடும், துணி முகத்தை மூடும். ஆட்டுகிற ஆள் பக்கத்தில் விழித்திருக்கும் வரை தூளி. கண் மூடியதும் மட்டமான படுக்கைக்கு மாற்றம். பாதி நேரம் மாற்றும்போது விழித்துக்கொள்ளும் என்பது எனக்கும் தெரியும்.

குடைபோல் விரியும் கொசுவலைப் படுக்கை இன்னொரு சங்கடம். டெங்குக் காலத்தில் வலை வேண்டாம் என்று சொல்ல முடியாது. ஆனால் அதன் அடியில் வரும் பஞ்சுப் படுக்கையும் குட்டித் தலையணையும் வேண்டாம். கட்டில் முழுவதையும் வெளிப்பக்கமாக மூடும் வலையை இழுத்துக் கட்டுங்கள். துவண்டு உள்ளே தொங்கக் கூடாது. மடித்து எடுத்துச் செல்லும் துணிக்கட்டில் வைத்திருப்பவர்கள், அதோடு வந்த மெல்லிய படுகையை மட்டும் பயன்படுத்துங்கள். பார்க்கப் பாவமாக இருக்கிறதே என்று மேலே இன்னொரு மெத்தை போட்டால் துணிச்சுவருக்கும் மெத்தைக்கும் நடுவே குழந்தை சிக்கும்.

கட்டிலே வாங்கவில்லை என்றால்? ஆறு மாதமாவது பெற்றோர் தூங்கும் அதே அறையில், ஆனால் தனிப் படுக்கையில் குழந்தை தூங்க வேண்டும் என்பது மருத்துவர்களின் பரிந்துரை. தனிப் படுக்கைக்குக் கட்டில்தான் வேண்டும் என்றில்லை. ஓதமில்லாத தரையில், சுவரைவிட்டு நன்றாகத் தள்ளி, கோரைப்பாயும் அதன்மேல் கெட்டியான மெல்லிய மெத்தையும் இறுக்கிய விரிப்பும் போட்டால் அது மட்டமான, அமிழாத பரப்புதான். எறும்பும் ஈரமும் மட்டும் கண்ணில் படாமல் போகக் கூடாது. பெரியவர்களின் மெத்தையும் அதைவிட மோசமாகச் சோபாவும் இந்தக் கணக்கில் சேராது.

இரவல் மெத்தை

நாத்தனார் வீட்டுக் கட்டில் வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். சட்ட இடைவெளியும் திருகாணியும் சரியாக இருந்தால் போதும். மெத்தையை மட்டும் புதிதாக வாங்குங்கள். 2002-இல் வெளிவந்த ஸ்காட்லாந்து ஆய்வு ஒன்று, வேறொரு வீட்டில் பயன்படுத்திய மெத்தைக்கும் தொட்டில் மரணத்துக்கும் தொடர்பு இருப்பதைக் காட்டியது. காரணம் இதுதான் என்று அது நிறுவவில்லை. அது ஒருபுறம் இருக்கட்டும், இரண்டு வருடம் ஒரு குழந்தை படுத்த இடத்தில் பள்ளம் விழுந்திருக்கும். உங்கள் மூத்த பிள்ளையின் மெத்தையே என்றாலும் மறுபடி கையால் அழுத்திப் பார்த்து, உறையைக் கழற்றி உள்ளே மோந்து பாருங்கள். மட்கிய வாடை வந்தால் பேச்சே இல்லை.

மெத்தையில் இருக்கும் ரசாயனம் விஷவாயுவாக மாறிக் குழந்தையைக் கொல்கிறது, அதனால் மெத்தையைப் பிளாஸ்டிக்கால் சுற்றுங்கள் என்று ஒரு செய்தி அவ்வப்போது கைபேசிக்கு வரும். 1989-இல் பிரிட்டனில் எழுந்த கருத்து அது. அரசு அமைத்த குழு பல ஆண்டுகள் ஆராய்ந்து 1998-இல் அதற்கு ஆதாரமில்லை என்று அறிக்கை கொடுத்துவிட்டது. செய்தி மட்டும் ஓய்வு பெறவில்லை.

இருபுற மெத்தை வாங்கினால் ஒரு பக்கம் கைக்குழந்தைக்கான கெட்டி, மறுபக்கம் ஒரு வயதுக்கு மேல் பயன்படும் சற்று மென்மை. விரிப்பு போட்ட பிறகு எது எந்தப் பக்கம் என்று யாருக்கும் தெரியாது. துவைத்து மாட்டுவது நீங்களாக இல்லாமலும் இருக்கலாம். அழியாத மை பேனாவால் மென்மையான பக்கத்தில் 'இது கீழே' என்று பெரிதாக எழுதிவிடுங்கள். எங்கள் மெத்தையில் அதை எழுதியது அத்தைதான். அடைப்புக்குறிக்குள் 'பலகைப் பக்கம் மேலே' என்றும் சேர்த்திருக்கிறார்.